வண்டி ஓட்ட மட்டும் அனுமதி

நான் குடியிருக்கும் தெருவின் முனையில் நான்கு சாலைகள் சந்திக்கின்றன. நான்கு பக்கமும் சிவப்புப் பலகையில் ‘ஸ்டாப்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்னல் விளக்கு கிடையாது, போலீஸ்காரர் கிடையாது, காலை வேளைகளில் பெரும்பாலும் வேறு வண்டியும் கிடையாது. ஆனாலும் வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பலகைக்கு முன்னால் வண்டியை முழுதாக நிறுத்தி, யாருமே இல்லாத மூன்று பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் வந்துவிட்டால், நீங்கள் போங்கள் என்று ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வந்த புதிதில் ஜன்னலில் நின்று இதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒருவர் இப்படிக் காரணமில்லாமல் நின்றால், வண்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பின்னால் இருப்பவர்கள் தள்ளிவிட இறங்கி வருவார்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறேன். எந்த மாநிலம், எந்த ஊர் என்று எழுதவில்லை. இதில் வரும் பெயர்களும் மாற்றியவைதாம். இங்கே இருக்க எனக்கு அனுமதி இல்லை; விசா முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. என்னைப் போன்றவர்களுக்கு இங்கே ‘அன்டாக்குமென்டட்’ என்று பெயர். காகிதம் இல்லாதவள் என்று அர்த்தமாம். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டு பீரோவில் காகிதத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ், நிலத்துக்குக் குத்தகைச் சீட்டு, தோப்புக்குப் பட்டா, எல்லாம் உண்டு. என் பெயரில் இல்லாமலிருந்த ஒன்று ஓட்டுநர் உரிமம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டி.வி.எஸ். ஐம்பது ஓட்டினேன். உர மூட்டையை முன்னால் வைத்து, மகளைப் பின்னால் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவள் மீது என் மாமியாரையும் சாய்த்துக்கொண்டு ஆலயத்துக்குப் போவேன். பிறகு என் கணவர் செல்வராஜ் தேங்காய் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி வாங்கினார். அதையும் ஓட்டிப் பழகிக்கொண்டேன். லைசென்ஸ் எங்கே என்று ஒரு மனிதர்கூட என்னைக் கேட்டதில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. நான் இங்கே வருவதற்கு முந்தின ஆண்டு அடித்த பெரும் புயலில் தோப்பு மொத்தமும் ஒரே இரவில் படுத்துவிட்டது. விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, விழுந்ததில் பாதிக்கும் குறைவாக ஒரு எண்ணைச் சொல்லி, இதைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். செல்வராஜ், “சரிங்க சார்” என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். எங்கள் பக்கத்தில் மேசைக்கு அந்தப்புறம் இருப்பவரிடம் ‘சரிங்க’ என்று சொன்னால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. உங்கள் கோபத்துக்கு நான் ஆளாக விரும்பவில்லை என்றுதான் அர்த்தம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அதற்கு அடுத்த ஆண்டு மன்னார்குடியில் ஒரு டாக்டர் குடும்பம், அமெரிக்காவில் இருக்கும் தங்கள் மகளின் பிரசவத்துக்குத் துணையாக என்னை விசிட்டர் விசாவில் அழைத்து வந்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. மகளைப் படிக்கவைக்க வேண்டும், தோப்பை மறுபடி வைக்க வேண்டும் என்று செல்வராஜும் நானும் பேசி எடுத்த முடிவு அது. முதலில் ஒரு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் வெளிச்சமே பார்க்காமல் மாவரைத்தேன். பிறகு வால்டர் வீட்டில் வேலை கிடைத்தது. வால்டர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், மனைவி இல்லை, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவருடைய மகள் வேறு மாநிலத்தில் இருக்கிறாள். அவரோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அது பொய்யில்லை.

ஒரு நாள் மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து வால்டரை அழைத்துக்கொண்டு வரும்போது ஒரு ஸ்டாப் பலகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது. எங்கள் ஊரில் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, நாமே அவரிடம் நடந்து போக வேண்டும். வண்டியில் உட்கார்ந்தபடி பதில் சொல்வது திமிர். ஆகவே நான் மரியாதையாகக் கதவைத் திறந்து இறங்கி, காரின் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். அந்த இளம் போலீஸ்காரர் ஏதோ கத்தினார். அருகில் வரச் சொல்கிறார் என்று எண்ணி இன்னும் வேகமாக நடந்தேன். அவருடைய கை இடுப்புத் துப்பாக்கியின் மேல் போனதைப் பார்த்த பிறகுதான் நின்றேன். வால்டர் காருக்குள்ளிருந்து, தம் பலம் முழுவதையும் கூட்டி, வகுப்பில் பையன்களை அதட்டுவதைப்போல, “எஸ்தர், வந்து உட்கார்” என்று கத்தினார். திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

போலீஸ்காரர் ஜன்னலருகே வந்து லைசென்ஸ் கேட்டார். இந்தியா என்றேன். ‘இன்டர்நேஷனலா?’ என்று கேட்டார். நான் வெளிநாட்டுக்காரியா என்று கேட்கிறாராக்கும் என்று, ஆமாம் என்றேன். அவர் பன்னாட்டு லைசென்ஸை நான் எடுத்துத் தருவேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வால்டர்தான் விஷயத்தைச் சொன்னார். போலீஸ்காரர், காரை ஓட்டிப்போக வேறொருவரை வரவழைக்கச் சொல்லிவிட்டு, நீதிமன்றத்துக்கு வரும்படி ஒரு சீட்டைக் கொடுத்தார். அந்த ஊர் நீதிமன்றம் ஒரு நூலகத்தின் மாடியில் இருந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, என்னை ‘மேடம்’ என்று அழைத்தார். இந்த மாநிலத்தில் குடியுரிமை என்ன என்று கேட்காமலே லைசென்ஸ் கொடுக்கிறார்கள், எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள், இன்னொரு முறை இப்படி வந்தால் விஷயம் வேறு என்றார். வால்டரின் மகள் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள்.

சட்டம் அப்படி இருக்கிறதென்று எனக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுவந்த சட்டம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் நடுவில் வேறொரு பேச்சும் உண்டு. லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுக்கும் பெயரும் விலாசமும் குடியேற்ற அதிகாரிகள் கைக்குப் போய்விடும், விடிகாலையில் கதவைத் தட்டுவார்கள் என்று. இப்போதைய காலத்தில் அதைப் பொய்யென்று சத்தியம் செய்ய யாராலும் முடியவில்லை. செல்வராஜிடம் போனில் சொன்னேன்.

“ஏன் எஸ்தரு, நீயே போயி, நான் இன்ன வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு வருவியா?”

“போவலேன்னா மட்டும் எத்தனை நாளைக்குங்க? மறுபடி புடிச்சா நேரா ஏத்தி அனுப்பிடுவாங்க.”

பின்னணியில் போர்செட் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, “அனுப்புனா வந்துடேன்” என்றார். ஆசையாகச் சொன்னாரா, சலிப்பில் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் குரலில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தேன், இருவரும் அதைப்பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சபுரா அக்கா. முத்துப்பேட்டைக்காரர். இங்கே அவரும் அவர் கணவரும் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். ரொம்ப நாளைக்கு முன்னாலேயே குடியுரிமை வாங்கியவர்கள். கடையில் நான் புழுங்கலரிசி கேட்ட தோரணையை வைத்தே, “எந்த ஊரு புள்ள நீ, நம்ம பக்கமா?” என்று கேட்டவர். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொன்னதும், “ஓட்டத் தெரியுறது வேற, ஓட்டிக் காட்டத் தெரியுறது வேற” என்று சொல்லி, மூடிப்போன ஒரு பெரிய துணிக்கடையின் வெற்று மைதானத்துக்குத் தம் வேனில் அழைத்துப் போனார். விரிசல்களில் புல் முளைத்த அந்தச் சிமெண்டுத் தரையில் வார விடுமுறைகளில் மாதக்கணக்கில் சுற்றினோம். கண்ணாடியில் பார்க்கும்போது கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தலையையே திருப்ப வேண்டும் என்பார். “நீ பாக்குறத அவன் பாக்கணும் புள்ள. இல்லேன்னா நீ பாக்கலேன்னுதான் எழுதுவான்.” ஹாரனை மறந்துவிடு என்பார். நம் ஊரில் ஹாரன் என்றால் நான் வருகிறேன் என்று அர்த்தம், இங்கே அதற்கு உன் அப்பனைத் திட்டுகிறேன் என்று அர்த்தம் என்பார்.

லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் சபுரா அக்கா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கவுண்டரில் கடைசியாக, தேர்தலில் ஓட்டுப்போடப் பெயர் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லோரையும் கேட்பார்கள், அது அவர்கள் வழக்கம். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால், குடியுரிமை உள்ளவள் என்று பொய் சொல்லி ஓட்டுரிமை கேட்டதாக ஆகிவிடும். தெரியாமல் சொன்னேன் என்று அப்புறம் அழுதாலும் எடுபடாது, நாட்டை விட்டு அனுப்ப அது ஒன்றே போதும். “வோட்டுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா நோன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத.” நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நீளமான நகங்கள், அவற்றில் சின்னச் சின்னப் பூக்கள் வரைந்திருந்தாள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். விசா முடிந்த பக்கத்தையும் தாண்டிப் புரட்டினாள். அங்கே அவள் விரல் நிற்கவில்லை. விலாசத்துக்கு வங்கிக் காகிதத்தைப் பார்த்தாள். உயரம், கண் நிறம் கேட்டாள். கண் நிறம் என்ன என்று யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. கறுப்பு என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழுப்பு என்று போட்டுக்கொண்டாள். அடுத்து, நீங்கள் ‘ஆர்கன் டோனர்’ ஆக விருப்பமா என்று கேட்டாள். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவள். ஆர்கன் என்றால் எனக்கு ஆலயத்தில் பாட்டுக்கு வாசிக்கும் பெட்டிதான். என்னிடம் பாஸ்போர்ட்டைத் தவிர எதுவும் இல்லை, எங்கள் சபையிலேயே பழைய ஹார்மோனியம்தான் இருக்கிறது, அதை எப்படித் தானம் செய்வது என்று ஒரு கணம் குழம்பினேன். ஆனால் அவள் புன்னகையோடு கேட்டதால் ‘யெஸ்’ என்றேன். செத்துப்போனால் என் ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தது எனக்கு அப்போது தெரியாது. வெளியே வந்து சபுரா அக்கா சொல்லித்தான் தெரிந்தது. வால்டரை நினைத்துக்கொண்டேன், அந்தச் சம்மதத்தை மாற்றவில்லை.

ஒரு ‘யெஸ்’ வந்துவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே, ‘ரெஜிஸ்டர்’ செய்ய விரும்புகிறீர்களா என்று கேட்டாள். அவள் சொன்ன வாக்கியத்தில் எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான். ரெஜிஸ்டர் என்றால் எங்களுக்குப் பத்திரப்பதிவு. பதிந்தால்தானே எதுவும் செல்லும்? லைசென்ஸைப் பதிவு செய்யவா என்று கேட்கிறாள் என்று நினைத்து, ‘யெஸ், மேடம்’ என்றேன். கூடவே தலையையும் ஆட்டினேன், புயல் கணக்கெடுக்க வந்தவரிடம் ஆட்டியதைப் போலவே. அவள் தட்டத் தொடங்கினாள். பூப்போட்ட நகங்கள் விசைப்பலகையில் சத்தம் எழுப்பின. பிறகு என் பக்கமிருந்த சின்னத் திரையில் எழுத்துகள் வந்தன, கையெழுத்துப் போடச் சொன்னாள். பேனா போன்ற அந்தக் குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேல் ‘வோட்டர்’ என்று இருந்தது.

குச்சியைக் கீழே வைத்தேன். நோ என்றேன். அவள் நிமிர்ந்தாள். “நோ வோட். ப்ளீஸ். நோ வோட்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் தலையை நீட்டிப் பார்த்தார். நிச்சயமாகவா என்று அவள் கேட்டாள். நிச்சயமாக, எப்போதுமே வேண்டாம் என்றேன். அவள் சிறிது நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது, புரியாமலும் இருந்திருக்கலாம். எதையோ அழுத்தினாள். என் திரை வெறுமையாகி, வேறு பக்கம் வந்தது. தனக்கும் அரசியல் பிடிக்காது என்று சொல்லிவிட்டு, புகைப்படத்துக்கு நேராகப் பார்க்கச் சொன்னாள். வெளியே வந்து வேனில் ஏறியதும் சபுரா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

ஊரில் ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்லை. ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்குக்கூட வெயிலில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறேன். போன தேர்தலில் என் வாக்கு போடாமலே கிடந்ததென்று செல்வராஜ் சொன்னார். பட்டியலில் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறதாம்.

எழுத்துத் தேர்வில் முதல் முறையே தேறிவிட்டேன். ஓட்டிக் காட்டும் தேர்வில் தோற்றேன். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி பேசாத மனிதர். வண்டியைப் பின்னால் எடுத்ததும் ஓரம் கட்டியதும் நன்றாகவே நடந்தன. பிறகு நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள ஒரு சந்திப்புக்கு வந்தோம். நிறுத்தினேன். வலப்பக்கம் வந்தவரைப் போகச் சொல்லிக் கையசைத்தேன். அவர் போனார். எதிரே வந்தவருக்கும் கையசைத்தேன். இடப்பக்கம் ஒருவர் வந்தார், அவருக்கும். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். தமக்கும் கை காட்டிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பி வந்து நிறுத்தியதும் சொன்னார்: “அது உங்கள் முறை. உங்கள் முறை வந்தால் நீங்கள் போக வேண்டும். நீங்கள் நின்றால் மற்றவர்களுக்கு ஆபத்து.” கடைமடையில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். மேலே உள்ளவர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்து எங்கள் முறை வரும்போது பெரும்பாலும் வாய்க்காலில் சேறுதான் இருக்கும். முறை என்ற சொல்லை நான் காத்திருப்பது என்றே புரிந்துவைத்திருந்தேன். அடுத்த முறை தேர்வுக்குப் போனபோது, எதிரே வந்த பெரிய லாரி உறுமிக்கொண்டு நின்றபோதும், என் முறையில் நான் போனேன். அதே அதிகாரிதான். தலையைக் குறிப்பேட்டிலிருந்து எடுக்காமலே தேறிவிட்டதாகச் சொன்னார்.

அட்டை தபாலில் வந்தது. வால்டர்தான் உறையைப் பிரித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, படத்தில் நான் யாரையோ கொலை செய்தவள் மாதிரி இருக்கிறேன் என்றார். அவர் வேடிக்கையாகப் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அட்டையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில், இது மத்திய அரசின் காரியங்களுக்குச் செல்லாது என்று அச்சடித்திருந்தது. வண்டி ஓட்டலாம், விமானம் ஏற இதைக் காட்ட முடியாது என்று வால்டர் விளக்கினார். படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். செல்வராஜ், ரொம்ப இளைத்துவிட்டாய் என்றார். மகள், “இத வச்சி ஊருக்கு வரலாமாம்மா?” என்று கேட்டாள். வருவதற்கு எதுவும் தேவையில்லை, திரும்பி இங்கே வருவதற்குத்தான் தேவை என்று அவளுக்குச் சொல்லவில்லை. படிப்பு முடியட்டும் என்றேன். நீதிமன்றத்தில் அட்டையைக் காட்டியபோது அந்த நீதிபதி வாழ்த்துச் சொன்னார். வால்டர் வீட்டு வேலையும் நிலைத்தது.

போன மாதம் சபுரா அக்காவின் அம்மாவுக்கு முத்துப்பேட்டையில் உடம்பு முடியாமல் போயிற்று. கணவர் கடையை விட்டு வர முடியாததால், அவருடைய வேனிலேயே அவரை விமான நிலையத்துக்கு நான் அழைத்துப் போனேன். ஆறு தடம் உள்ள சாலையில் நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவர் தஸ்பீஹ் மாலையின் மணிகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. விமான நிலையத்தில் புறப்படுகிறவர்களுக்கு மேல் தளம், வந்து சேர்கிறவர்களுக்குக் கீழ்த் தளம். மேல் தளத்தில் கண்ணாடிக் கதவுக்கு நேரே நிறுத்தினேன். பெட்டிகளை இறக்கியதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

“தஞ்சாவூருக்குப் போயி ஒம் பொண்ணப் பாத்துட்டு வர்றேன். என்ன சொல்லட்டும்?”

நான்தான் உங்களை இங்கே கொண்டுவந்து விட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார். கதவு தானாகத் திறந்து, அவரை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. மஞ்சள் சட்டை போட்ட காவலர் வேனின் கூரையைத் தட்டி, நிற்காதே, நகர் என்றார். நகர்ந்தேன். வீட்டுக்குத் திரும்பும் சாலைக்கு இடப்பக்கத் தடத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறிவிட்டேன். சாலை வளைந்து இறங்கி என்னைக் கீழ்த் தளத்தில் விட்டது. அங்கே கம்பிக்கு வெளியே ஆட்கள் பூங்கொத்தும் பெயர் எழுதிய அட்டையுமாக நின்றிருந்தார்கள். ஒரு பெண் என் வேனுக்குள் எட்டிப் பார்த்து, தான் எதிர்பார்த்தவள் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிருந்து சாலை ஏறி, சுற்றி, மறுபடியும் என்னை மேல் தளத்துக்கே கொண்டுவந்தது. அதே கண்ணாடிக் கதவு. வேறு யாரோ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதே காவலர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

இம்முறை இடப்பக்கத் தடம் காலியாக இருந்தது. தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் நேராகவே ஓட்டினேன். புறப்படுகிறவர்களைக் கடந்து, வந்து சேர்கிறவர்களைக் கடந்து, யாரையும் வழிமறிக்காமல், சொன்ன வேகத்தில், இன்னும் ஒரு முறை.